சுமைக்கல்லில் வைத்தது

முட்டைக்காரம்மா ஆயுசுக்கும் முட்டை விற்றவள். ஆனால் ஒரு முட்டையைக்கூட வாயில் வைத்தவள் இல்லை. கேட்டால், "இடுற கோழிக்கு வலி, விக்கிறவளுக்கு வாடை, திங்கிறவங்களுக்குத்தான் ருசி," என்பாள். அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. சந்தைக்கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே விற்கிற சரக்குதான் பெயர். உருளைக்கிழங்கு அண்ணன், எலுமிச்சை அக்கா, கருவாட்டுப் பெரியவர். கருவாட்டுப் பெரியவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஊரே கூப்பிடும்போது ஒருத்தர் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கூடம் பழையது. வரிசையாக இரும்புத் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கண்ணாடிக் கூரை, அதன் சட்டங்களில் குடித்தனம் நடத்தும் புறாக்கள். அவள் அப்பா நடத்திய முட்டைக் கடை நடுத்தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தூணை ஒட்டித்தான் சுமைக்கல் நின்றது. மார்பளவு உயரம், மேலே ஒரு பெரிய கூடை உட்காரும் அகலம். வாங்கிய சரக்கை அதன்மேல் வைத்துவிட்டால் போதும். யாரையும் கூப்பிட வேண்டாம், கை தட்ட வேண்டாம். அடுத்துக் காத்திருக்கும் சுமையாள் வந்து தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் கொண்டுபோவார். கல்லில் வைத்தால் தூக்கு என்று அர்த்தம். யாருடையது, என்ன என்று கேட்பது சுமையாளுக்கு அழகில்லை. அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

முட்டை என்றால் மட்டும் சுமையாட்கள் பின்வாங்குவார்கள். மூட்டையைத் தூக்கிப் பழகிய கழுத்துக்கு முட்டைப்பெட்டி ஒத்துவராது. போய்ச் சேரும்போது அடியில் ஒழுகும், அப்பாவின் வாயிலிருந்து வசவு மேலே ஒழுகும். அப்படி இருக்கையில்தான் மெத்தை என்கிற சுமையாள் வந்தார். வந்து சில நாட்களிலேயே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தோளில் கிடக்கும் துண்டை முறுக்கிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தரையை மிதிக்கிறாரா தடவுகிறாரா என்று தெரியாமல் நடப்பார். "வழி… வழி…" என்று மெதுவாகத்தான் சொல்வார். மற்றவர்கள் கத்தினால் விலகாத கூட்டம் அவர் முணுமுணுத்தால் விலகும். அவர் தலையில் ஏறிய முட்டைக்குத் தான் பயணம் போகிறோம் என்பதே தெரியாது.

அப்போது கடையில் உட்கார்ந்திருந்த இளவயது முட்டைக்காரம்மாவுக்கு இது தெரிந்துவிட்டது. காத்திருக்கும் வரிசையில் மெத்தையின் முறை வரும்வரை பெட்டியைக் கட்டுவது போல, அவிழ்ப்பது போல, மறுபடி கட்டுவது போல நேரம் கடத்துவாள். அவர் முறை வந்ததும் பெட்டி கல்லில் ஏறிவிடும். மற்றச் சுமையாட்களுக்குக் கண் இல்லையா என்ன?

"அந்தம்மா கல்லப் பாத்து வைக்கல, ஆளப் பாத்து வைக்குது."

அப்படி வைத்து வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறமும் சந்தைக்குள் மெத்தை அவளை "முட்டக்காரம்மா" என்றுதான் கூப்பிட்டார். வாங்க, போங்க என்றுதான் பேசினார். கடைக்காரிக்குச் சுமையாள் தரும் மரியாதை அது. வாசலைத் தாண்டினால் "ஏய், குடை எங்கடி?" என்பார். "உள்ள ஒரு நாக்கு, வெளிய ஒரு நாக்கா?" என்று அவள் சிரிப்பாள். அந்த இரண்டு நாக்கில் எது கடைசிவரை மிஞ்சும் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

கூரை ஒழுக ஆரம்பித்து, ஒருநாள் கண்ணாடிப் பலகை ஒன்று விழுந்ததும் கூடத்தை மூடினார்கள். ஊருக்கு வெளியே மாற்று இடம் கொடுத்தார்கள். அங்கே ஈதான் வந்தது, ஆள் வரவில்லை. முட்டைக் கடை அதோடு போயிற்று. சுமைக்கு ஆள் தேடும் காலமும் போயிற்று. மெத்தை வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு ஒவ்வொன்றாக மறந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகன். அந்த மகன் வெளியூரில் இருந்தான்; அவனுடைய அக்கறையெல்லாம் தொலைபேசியில்தான். "அப்பாவ எங்கயாவது நல்ல எடமாப் பாத்துச் சேத்துருங்கம்மா," என்பான். எங்கே, எதை வைத்து என்று சொல்லமாட்டான்.

ஒருநாள் காலை மெத்தை அவளை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாக, "யாரப் பாக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் இடித்தது. கோபத்தில், "முட்டக்காரம்மா வந்திருக்கேன்!" என்று கத்தினாள். அவர் சட்டென்று எழுந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நீங்களாம்மா? சரக்கு ஏதும் இருக்கா?"

மனைவி மறந்துபோனாள். முட்டைக்காரி மறக்கவில்லை. அன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, இனி அவள் முட்டைக்காரம்மாதான் என்று முடிவு செய்தாள். மனைவியாக இருந்து அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அவள் நாலு வீட்டில் வேலை செய்துதான் அடுப்பு எரிந்தது. அவள் வெளியே போனால் அவரும் போய்விடுவார். அடைத்துக்கிடந்த கூடத்தின் வேலிக்கு முன்னால் போய் நிற்பார். ஒருமுறை வழி தவறி எங்கோ போய், காலில் ரத்தத்தோடு யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் வெளித்தாழ்ப்பாள் போட்டாள். தெரு முனை வரும்வரை அவர் உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். "தொறங்க, வண்டி வந்திரும்" என்பார். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டுதான் அவள் நடந்தாள்.

அந்தச் சமயத்தில் கூடம் மறுபடி திறந்தது. கூரை மாற்றி, தூணுக்குப் பச்சை வண்ணம் பூசி, உள்ளே முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். அடுப்பில் சுட்டெடுக்கும் ரொட்டி ஒரு பக்கம், பொரித்த மீன் ஒரு பக்கம், நூறு விதக் காப்பி ஒரு பக்கம், நடுவில் நீள நீள மேஜைகள். பழைய முட்டைக் கடை இருந்த இடத்தில் இப்போதும் முட்டைதான். பாதி வேகவைத்த முட்டையை ரொட்டிமேல் உடைத்து, இரண்டு இலையைத் தூவி, முப்பது முட்டை அடுக்கிய ஒரு முழுத் தட்டின் விலைக்கு விற்றார்கள். கோழிக்குத் தெரிந்தால் வேலைநிறுத்தம் செய்யும்.

முட்டைக்காரம்மா மேஜை துடைக்கும் வேலை கேட்டுப் போனாள். மேலாளர் ஒரு சின்னப் பெண். முன்பின் அனுபவம் உண்டா என்று கேட்டாள்.

"இதே எடத்துலதாம்மா அனுபவம். ஆனா ஒண்ணு, வீட்டுக்காரரத் தனியா விட முடியாது. கூடக் கூட்டிட்டு வருவேன். ஒரு ஓரமா உக்காந்திருப்பாரு."

மேலாளர் யோசித்தாள். மனசில் ஈரம் உள்ள பெண்தான். "சரிம்மா. ஆனா யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது. ஒரே ஒரு புகார் வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க."

அந்தச் சொல்லோடு தாழ்ப்பாள் கழன்றது. நடுத்தூண் பக்கம் ஒரு நாற்காலியில், தோளில் துண்டோடு, முதுகை நிமிர்த்தி மெத்தை உட்கார்ந்திருப்பார். தன் முறைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. வீட்டில் அவருக்குச் சாப்பிடச் சொல்ல வேண்டும், குளிக்கச் சொல்ல வேண்டும். இங்கே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புறாக்கள் புதுக் கூரைக்கும் வந்துவிட்டிருந்தன. அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொள்வார். அவரை அப்படிப் பார்க்கும்போது, துடைக்கிற மேஜை அவளுக்குப் பாரமாக இல்லை.

பயம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல். அதை இடிக்காமல் விட்டிருந்தார்கள். தேய்த்து மினுக்கி, 'பழங்காலச் சுமைக்கல்' என்று பித்தளையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். "பழங்காலமா! என் மொழங்கை தேஞ்ச கல்லு," என்று அவள் முனகுவாள். சாப்பிட வருகிறவர்கள் அதில் சாய்ந்து படம் எடுப்பார்கள். யாராவது கைப்பையை அதன்மேல் வைத்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். "வைக்காதீங்கம்மா, கல்லு அழுக்கு," என்று பையை எடுத்துக் கையில் கொடுப்பாள். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கல்லைப் பார்த்துவிட்டு, அவர்கள் அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்தப் பை கல்லில் இருந்தால் மெத்தை எழுந்துவிடுவார் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்படிக் கண்ணும் கருத்துமாகக் காத்தவள் கையாலேயே அது நடந்ததுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேஜைகள் நிறைந்து, ஆட்கள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஓர் இளம் அம்மா. ஓடித் திரியும் பெரியவன் ஒருவன், மேஜைமேல் கூடைத்தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தை ஒன்று. பெரியவன் பழச்சாற்றுக் குவளையைத் தட்டிவிட்டான். மேஜை, நாற்காலி, தரை, அவள் உடுப்பு, எல்லாம் சிவப்பு. சாறு மேஜையோரமாக வழிந்து தொட்டிலை நோக்கி வந்தது.

"அக்கா, அக்கா, கொழந்தையக் கொஞ்சம் பாருங்களேன், இவனக் கழுவிட்டு வந்திர்றேன்!"

முட்டைக்காரம்மா தொட்டிலைத் தூக்கினாள். தரையெல்லாம் ஈரம். பக்கத்து மேஜைகளில் கை வைக்க இடமில்லை. அந்த நேரத்தில் பின்னால் கண்ணாடிக் குவளை ஒன்று உடைந்து, "யாராவது வாங்க, பிள்ளைங்க மிதிச்சிரும்!" என்று ஒரு குரல். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வைத்திருக்கமாட்டாள். கையில் பாரம், உடைந்துவிடக் கூடாத பாரம், பக்கத்தில் நடுத்தூண். கை தானாகத் தெரிந்த இடத்துக்குப் போனது. எத்தனை ஆயிரம் பெட்டி வைத்த கை அது! தொட்டிலைச் சுமைக்கல்லில் வைத்துவிட்டு, குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"வழி… வழி…"

அந்தக் குரல் கேட்டதும் பொறுக்கிய துண்டுகளை அப்படியே போட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். கூட்டம் விலகிக்கொண்டிருந்தது. தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் தொட்டில், இரண்டு பக்கமும் அணைத்த கைகள், மடங்கிய முழங்கால். மெத்தை தரையைத் தடவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வியாபாரி வேஷத்தில் ஆட்களை நடமாடவிட்டு வேடிக்கை காட்டுவார்கள். இதுவும் அதில் ஒன்று என்று சிலர் கைதட்டினார்கள். சிலர் படம் பிடித்தார்கள். கழுவும் இடத்திலிருந்து வந்த அம்மா போட்ட அலறலில்தான் கைதட்டல் நின்றது.

அவர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். வண்டிக்காகக் காத்து நின்றார். காவலாளி பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். "வண்டி வரட்டும்ப்பா, வண்டி வரட்டும்," என்றார். யாரோ பின்னாலிருந்து முதுகில் ஓங்கிக் குத்தினார்கள். இன்னொரு குத்து. அவர் கையை எடுக்கவில்லை. குத்து விழ விழ முழங்காலை இன்னும் மடக்கி, தொட்டில் சாயாமல் தரைக்கு இறங்கினார். முட்டைக்காரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"எறக்குங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவள் குரல் கேட்டதும் கையைத் தளர்த்தினார். இரண்டு பேருமாக, எத்தனையோ பெட்டியை இறக்கியது போலவே இறக்கினார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாரி எடுத்து நெஞ்சில் இறுக்கியபோதுதான் விழித்து அழுதது.

மேலாளரின் அறையில் மெத்தையை உட்காரவைத்தார்கள். உதடு கிழிந்திருந்தது. இளம் அம்மா குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினாள். "மேஜை மேலதான் இருந்துச்சு. இந்த அக்காகிட்டச் சொல்லிட்டு ஒரு நிமிஷம்தான் போனேன். தூக்கிட்டுப் போய்ட்டாரு. கொழந்த வெளிய போயிருந்தா?" அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெற்ற வயிறு. காவல்நிலையம் வேண்டாம், ஆனால் இந்த ஆள் இனி இங்கே இருக்கக் கூடாது என்றாள்.

மேலாளர் மெத்தையின் பக்கம் குனிந்தாள். "ஐயா, ஏன் எடுத்தீங்க? யாரு எடுக்கச் சொன்னது?"

மெத்தை தெளிவாகச் சொன்னார். "முட்டக்காரம்மா வச்சாங்க. எடுத்தேன்."

அந்த அறையில் அது ஒன்றுதான் உண்மை. மேலாளர் பெருமூச்சு விட்டாள்; இளம் அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டையாவது, முட்டைக்காரியாவது! புத்தி பிசகியவரின் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். மேலாளர் முட்டைக்காரம்மாவைப் பார்த்தாள். "மேஜையிலேர்ந்துதான் எடுத்தாராம்மா? நீங்க பாத்தீங்களா?"

ஒரு நொடிதான். அந்த நொடிக்குள் ஒரு குடும்பக் கணக்கே ஓடியது. உண்மையைச் சொன்னால் வேலை போகும்; வேலை போனால் இரண்டு பேரும் நடுத்தெரு. சொல்லாவிட்டால் அவர் மட்டும் வெளியே. அவருக்கென்ன, பொழுது சாய்வதற்குள் மறந்துவிடுவார். அடியும் மறந்துவிடும், அவமானமும் மறந்துவிடும். மறக்கத் தெரியாதவள் தான் ஒருத்தி. தான் சுமந்தால் போயிற்று.

முட்டைக்காரம்மா தலையை ஆட்டினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அன்று அந்த அறையில் நடந்தது.

மறுநாளிலிருந்து மறுபடி தாழ்ப்பாள். ஆனால் இந்தத் தடவை கதவைத் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தெரு முனையில் நின்று காது கொடுத்துப் பார்த்தாள். இல்லை. நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தாள். மாலை திரும்பி வந்தபோது அவர் மூலையில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு ஒடஞ்சிருச்சாம்மா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தச் சரக்கு?"

"அன்னிக்குக் கொண்டுபோனது. அடிச்சாங்களே. ஒடைக்காத ஆள அடிப்பாங்களா?"

மகனை மறந்தவர், மனைவியை மறந்தவர், அந்த அடியை மறக்கவில்லை. சுமையாளை அடிப்பதென்றால் ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தெரியும். "ஒடையல. ஒண்ணுகூட ஒடையல," என்றாள். அவர் நம்பவில்லை. அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். படுக்கையில் கேட்டார். ஆயுசுக்கும் ஒரு முட்டை உடைக்காத மனுஷன், தான் உடைத்துவிட்டதாக நினைத்துக் குறுகிப்போனார். தண்ணீர்க் குவளையைக்கூடக் கையில் வாங்க மறுத்தார். அவள்தான் புகட்ட வேண்டியிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலை, கடைகள் திறக்குமுன், மேலாளரின் அறைக்குப் போனாள். "அம்மா, அன்னிக்குக் கொழந்தையக் கல்லுல வச்சது நான்தான். கல்லுல வச்சா எடுக்கணும், அதான் இங்க வழக்கம். அவரு மேல தப்பில்ல. என்னைய வேலைய விட்டு அனுப்பிருங்க," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மேலாளர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அந்தக் கல்ல வேலி போட்டு அடைச்சிட்டு, அந்தம்மாகிட்டயும் பேசியிருப்பேன். யாரையும் அனுப்பியிருக்க மாட்டேன்." அப்புறம் சொன்னாள், "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. அவரு பாட்டுக்கு உக்காரட்டும்."

இந்தப் பெண்ணுக்குப் பயந்தா அவரைக் கைகழுவினோம் என்று முட்டைக்காரம்மாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் அவரைக் குளிப்பாட்டி, துண்டைத் தோளில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவருடைய நாற்காலியில் உட்காரவைத்தாள். கூடம் காலியாக இருந்தது. கண்ணாடி வழியாக வெயில் மேஜைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. மேலாளர் எட்ட நின்றாள். முட்டைக்காரம்மா முட்டை ரொட்டிக் கடையில் வேகவைக்காத முட்டையாக ஒரு முழுத் தட்டு கேட்டு வாங்கி, நடுத்தூணுக்குப் போய், சுமைக்கல்லில் வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் காலத்தைப் போலவே திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

மெத்தை எழுந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். முறுக்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவர் முட்டைகளைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். முறுக்கிய துண்டை மெல்லப் பிரித்து, உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. நான் ஒடச்சவன். நல்ல சரக்கு, வேற ஆளப் பாருங்க."

"நீங்க ஒடைக்கல! நான்தாங்க… நான்தான் வாயத் தொறக்கல," என்று அவள் கதறினாள். கடைக்காரி எதற்கு அழுகிறாள் என்று புரியாமல் அவர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். சுமையாள் ஒருவர் வேறென்ன செய்ய முடியும்?

வாசலில் முதல் வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். முட்டைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தானே தூக்கினாள். மெத்தை சட்டென்று ஒதுங்கி, அவளுக்கு முன்னால் போய், வருகிறவர்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"வழி… வழி… முட்டக்காரம்மா வர்றாங்க."

அவர்கள் விலகி நின்றார்கள். அவள் அவர் பின்னால் நடந்தாள்.